சொல்லப்படாத பெயர்கள்: தனியிசையும் அதைக் கைமாற்றிய ரசிகர்களும்

ராமகுப்பத்தில் என் சிறுவயதில் ஒரு பாட்டுக்கு ‘மைக்செட்காரர் பாட்டு’ என்று பெயர். கங்கம்மா திருவிழா, காதுகுத்து, திருமணம் என எந்த நிகழ்ச்சியானாலும், விடியற்காலைப் பக்திப் பாடல்கள் முடிந்து திரைப்பாடல்கள் தொடங்குவதற்கு முன்பாக, எங்கள் ஊர் மைக்செட் கடைக்காரர் தமக்குப் பிடித்த அந்த ஒரு பாட்டை ஒலிக்கவிடுவார். அது எந்தத் திரைப்படத்திலும் வந்த பாட்டன்று. கிட்டார் ஒலியும் துள்ளும் தாளமும் கொண்டது. பாடியவரின் தமிழ் எங்கள் ஊர்த் தமிழும் அன்று, சென்னைத் தமிழும் அன்று. பாடியவர் யார் என்று ஊரில் எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. போட்டவரின் பெயரே பாட்டுக்கும் பெயராகிவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து, திரைசாராத் தமிழ் இசை குறித்த ஆய்வுக்காக இலங்கைப் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அதே பாட்டு ஒலித்தது. நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’ அது. ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையின் தந்தை என்று போற்றப்படுபவர் அவர். பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். பெயரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி ஓரிரு நாளில் தணிந்தபின் இரண்டு வினாக்கள் எஞ்சின. யாழ்ப்பாணத்துப் பாடகர் ஒருவரின் குரல், ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கும் ஒரு சிற்றூருக்கு எந்த வழியில் வந்து சேர்ந்தது? வந்த வழியில் அவருடைய பெயர் எங்கே நழுவியது?

பெயர் அறியாத பாட்டைக் கையாள்வது தமிழுக்குப் புதிதன்று. குறுந்தொகையில் பாடியவரின் இயற்பெயர் தெரியாத இடங்களில், பாட்டிலுள்ள தொடரே பெயராகி, செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் புலவர்கள் நம்மை வந்தடைந்தனர். அத்தொகை மரபு பாட்டுக்குள்ளிருந்து பெயரை எடுத்தது. எங்கள் ஊர் அதைப் போட்டவரிடமிருந்து எடுத்தது. இரண்டிலும் பாட்டைக் காத்தவர் ஒருவர் இருக்கிறார்; பாடியவரின் பெயர்தான் இல்லை.

திரைப்படத்துக்கென இயற்றப்படாமல், பெருநிறுவன முதலீட்டை நம்பாமல், கலைஞர்கள் தாமே ஆக்கி வழங்கும் இசையை இன்று தனியிசை என்கிறோம், சுயாதீன இசை என்றும் வழங்குகிறோம். அதன் வரலாற்றை எழுதும்போது கலைஞர்களையும் கருவிகளையும் நிறுவனங்களையும் பேசுகிறோம். அறியப்படாத ஒரு பாட்டைத் தேடிக் கண்டடைந்து, பிறர் காதில் சேர்க்கும்வரை ஓயாத ரசிகரை அடிக்குறிப்பில்கூடச் சேர்ப்பதில்லை. விளம்பரமும் விற்பனை வலையும் இல்லாத இசைக்கு அந்த ரசிகரே விளம்பரம், அவரே காப்பகம். ஆனால் அவருடைய பகிர்வுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது பாட்டைக் காத்துக்கொண்டே பெயரைத் தொலைக்கக்கூடியது. கடந்த நூற்றிருபது ஆண்டுக்கால ஒலிப்பதிவு வரலாற்றில் பெயர் எப்போது பாட்டோடு பயணம் செய்தது, எப்போது பிரிந்தது என்பதைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தட்டின் முடிவில் ஒலித்த பெயர்

1902 நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அக்காலத் தட்டுகளைக் கேட்டிருப்போர் ஒன்றைக் கவனித்திருப்பர். பாட்டு முடிந்த கணத்தில் பாடகர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வார். இதைத் தற்பெருமை என்று கொண்டால் தவறு. பதிவான மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகர ஆலைக்குச் சென்றன. அங்கே தட்டு அச்சிட்டவர்களுக்கு இந்திய மொழி எதுவும் தெரியாது. எந்தத் தட்டு யாருடையது என்று பிரித்தறிந்து முகப்புத்தாளை ஒட்டுவதற்கு அந்த அறிவிப்பு உதவியது. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை தொடங்கியபின் அத்தேவை குறைந்தது. பெயர் சொல்லும் வழக்கமும் மெல்ல மறைந்தது.

தொழிற்சாலைத் தேவைக்காகப் பிறந்த இவ்வழக்கம் வரலாற்றுக்குப் பெரும் நன்மை செய்தது. முகப்புத்தாள் கிழிந்தாலும், எழுத்து அழிந்தாலும், பெயர் பாட்டின் உடலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெயரைப் பாட்டிலிருந்து பிரிக்க முடியாத காலம் ஒன்று இருந்ததென்றால் அது இதுவே.

அப்படியிருந்தும் கடல் கடந்தால் பெயர் நழுவியது. கோயம்புத்தூர் தாயி (1872–1917) அந்தத் தலைமுறையின் புகழ்பெற்ற பாடகியருள் ஒருவர், இயற்பெயர் பழனிக்குஞ்சரம். மோரிஸ் ரவேலின் நண்பரும் மாணவருமான பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் அவருடைய குரலில் மயங்கியவர். 1912ஆம் ஆண்டை ஒட்டி இந்தியாவில் பயணம் செய்த அவர், ஊர் திரும்பி இந்திய இசையின் சாயலில் பாடல்கள் இயற்றினார். அவற்றுள் ‘ராகமாலிகை’ என்பது தாயி பாடிய அருட்பா இசைத்தட்டு ஒன்றை ஏறத்தாழ அப்படியே பின்பற்றியது என்பதை இசை வரலாற்றாய்வாளர் ஜான் பாஸ்லர் விரிவாகக் காட்டியுள்ளார். டெலாஜ் உண்மையான ரசிகர், ஐயமில்லை. அறியப்படாத ஓர் இசையைத் தம் மக்களுக்குச் சேர்க்க விரும்பினார், சேர்த்தார். பாரிஸ் மேடைக்குச் சென்றது ராகமாலிகை என்ற வடிவத்தின் பெயர். பழனிக்குஞ்சரத்தை அதனருகே மீண்டும் நிறுத்தப் பிற்கால ஆய்வாளர்களின் உழைப்பு தேவைப்பட்டது.

1920களின் இறுதியிலும் 1930களிலும் தமிழகத்தில் இசைத்தட்டு விற்பனை பெருகியது. ஸ்டீஃபன் ஹியூஸ் தம் ஆய்வுகளில் அக்கால இசைப் பெருக்கத்தை விளக்கியிருக்கிறார். தட்டு விலையுயர்ந்த பொருள். எல்லோராலும் வாங்க இயலாது. ஆகவே காப்பிக் கடைகளிலும் பொது இடங்களிலும் கூடிக் கேட்டனர். ஒருவர் வாங்க, ஊரே கேட்டது. நாடக மேடைப் பாடல்களும் விடுதலை இயக்கப் பாடல்களும் இவ்வழியாகவே பரவின. தேசியப் பாடல்களின் அப்பரவலை எஸ். தியடோர் பாஸ்கரன் ஆராய்ந்து எழுதினார். பாடியவரின் பெயர் தட்டில் இருந்தது. எழுதியவரின் பெயர் பல தட்டுகளில் இல்லை. மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) போன்றோரின் பணியை அறிய அவருடைய நாட்குறிப்புகள் நூலாக வந்தது பேருதவியாயிற்று. ஒலியில் காணாமற்போன பெயர் தாளில் கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இறுதியில் மீண்டும் இங்கே வருவேன்.

2. எல்லையை அறியாத அலை

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. அதற்கு முன் குப்பமும் ராமகுப்பமும் வட ஆற்காட்டைச் சேர்ந்தவை. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது எங்கள் பகுதி அதில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று பட்டாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாறியது. எங்கள் பகுதி சித்தூரிலேயே நின்றது. பள்ளிக்கூடம் தெலுங்காயிற்று, வீட்டில் தமிழ் தொடர்ந்தது, சந்தையில் கன்னடமும் கலந்தது. தமிழ் இதழ்களும் நூல்களும் கைக்கெட்டுவது அரிதான நிலையில், தமிழைக் காதுவழியே தொடர்ந்து வைத்திருந்தது வானொலி.

அந்த வானொலியில் இலங்கைக்குத் தனியிடம் உண்டு. 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரையிசையை மலினமாகக் கருதியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் வெகுவாகக் குறைந்தன. 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த ரேடியோ சிலோன் அந்த வெற்றிடத்தை நிரப்பியது. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்பட்டபோது இந்திய நேயர்களில் பெரும் பகுதியினர் கொழும்பின் குரலுக்குப் பழகிவிட்டிருந்தனர். தமிழ் ஒலிபரப்பில் எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் இரு கரைகளிலும் வீட்டுக் குரல்களாயின.

இந்த அறிவிப்பாளர்கள் செய்த ஒரு பணியை இசை வரலாறு இன்னும் உரிய அளவில் மதிக்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னும் பின்னும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் பெயர்களைத் திருத்தமான உச்சரிப்பில் சொல்வதை அவர்கள் ஒழுக்கமாகவே கொண்டிருந்தனர். தட்டின் முடிவில் மறைந்துபோன பெயர், அறிவிப்பாளரின் வாயில் திரும்பி வந்தது. அதோடு நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் கேட்டவர்களின் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்பட்டன. அஞ்சலட்டை எழுதிய ஓர் எளிய ரசிகரின் பெயரும் பாடகரின் பெயரும் ஒரே மூச்சில் ஒலித்தன. பாடுபவர், கேட்பவர், பகிர்பவர் ஆகிய மூவரின் பெயரும் ஒன்றாக நின்ற ஊடகம் அதற்குப் பின் நமக்கு வாய்க்கவில்லை என்றே கருதுகிறேன்.

3. பைலாவிலிருந்து பொப் இசைக்கு

நித்தி கனகரத்தினத்தின் இசை எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இலங்கைக் கரையோரத்தில் போர்த்துக்கீசியர் வழியும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கர் வழியும் உருவான ஆட்ட இசை பைலா. நடனம் என்னும் பொருள்தரும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. 1940களில் வாலி பஸ்தியன் அதைச் சிங்களப் பாடலுக்குக் கொணர்ந்தார். 1960களின் பிற்பகுதியில் தமிழ் இளைஞர்கள் அத்தாளத்தையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியில், கேலியும் குறும்பும் கலந்து பாடத் தொடங்கினர். கள்ளுக்கடையும் மாமியும் மச்சாளும் பாடுபொருளாயினர். இந்தியத் திரைப்பாடலின் நிழல் படாத ஒரு தமிழ்ப் பாட்டு அது.

1970 முதல் 1977 வரையிலான சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்தது. இந்திய இதழ்களின் வரவும் கட்டுப்படுத்தப்பட்டது. அது உள்ளூர்க் கலைக்கு இடம் தந்தது என்பது ஈழத்து இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்லும் கருத்து. இசைக்கும் அது பொருந்தும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் எஸ்.கே. பரராஜசிங்கம் போன்றோர் ஈழத்து மெல்லிசையை வளர்த்தனர். மேடைகளில் பொப் இசை கோலோச்சியது. பொப் இசைச் சக்கரவர்த்தி என்று அழைக்கப்பட்ட ஏ.ஈ. மனோகரன், பைலா வழிவந்த ‘சுராங்கனி’யை மொழியெல்லை கடந்து கொண்டுசென்றார். பின்னர் அவர் தமிழகத்துக்கு வந்து திரைப்படங்களில் நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

‘சுராங்கனி’யின் பயணம் நம் வினாவுக்கு நல்ல சான்று. 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் அது இடம்பெற்றது. அதன்பின் தமிழகத்தில் ஒரு தலைமுறை அதைத் திரைப்பாடலாகவே அறிந்தது. கல்லூரிச் சுற்றுலாப் பேருந்துகளில் அதைக் கைதட்டிப் பாடியவர்களுக்குச் சிங்களக் கரையும் தெரியாது, மனோகரனின் மேடையும் தெரியாது. பாட்டு வென்றது, அதன் பிறப்பிடம் மறைந்தது.

1983 ஜூலை வன்முறைக்குப் பின் ஈழத்தமிழர் சென்னைக்கும் டொரண்டோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் சிதறினர். அவர்களுடைய பெட்டிகளில் ஒலிநாடாக்களும் இருந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நேரில் கண்ட ஒரு சமூகத்துக்கு, ஒரு நாடாவைப் படியெடுத்து நண்பரிடம் கொடுத்துவைப்பது வெறும் பொழுதுபோக்கன்று. நூலகமே சாம்பலாகலாம் என்று அறிந்தவர்கள், ஒன்றைப் பத்தாக்கி வைத்தால்தான் எஞ்சும் என்பதையும் அறிந்திருந்தனர். 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் மின்னூலகத்தை இந்த மனநிலையின் தொடர்ச்சியாகவே நான் காண்கிறேன்.

4. ஒலிநாடா தந்ததும் எடுத்ததும்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா இந்தியாவில் 1980களில் பெருவழக்காயிற்று. பீட்டர் மானுவல் 1993இல் வெளியிட்ட ‘கேசட் கல்ச்சர்’ நூல் வட இந்தியாவைப் பற்றியது எனினும் அதன் மையக் கருத்து நமக்கும் பொருந்தும். தயாரிப்புச் செலவு குறைந்ததால், பெருநிறுவனம் சீண்டாத வட்டார இசையும் சிறுகுழு இசையும் சந்தைக்கு வந்தன. படியெடுப்பது எளிதானதால் ரசிகரே வெளியீட்டாளரானார்.

குப்பத்திலும் அத்தகைய பதிவுக்கடைகள் இருந்தன. வெறும் நாடாவையும் பாட்டுப் பட்டியல் எழுதிய துண்டுச்சீட்டையும் கொடுத்தால், இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். அறுபது நிமிட நாடாவில் பட்டியல் முடிந்தபின் சில நிமிடம் எஞ்சும். கைதேர்ந்த கடைக்காரர் அந்த இடத்தை வெறுமையாக விடமாட்டார். தமக்குப் பிடித்த, நாம் கேட்டிராத ஒரு பாட்டைச் சேர்த்து அனுப்புவார். கேட்காமல் வந்த அந்தக் கடைசிப் பாட்டின் வழியே எத்தனை பேர் புதிய இசையைக் கண்டடைந்திருப்பர்! ஆனால் அந்தக் கடைசிப் பாட்டுக்குத்தான் துண்டுச்சீட்டில் பெயர் இருக்காது. தட்டில் பாடகரே பெயர் சொன்னார். வானொலியில் அறிவிப்பாளர் சொன்னார். நாடாவில் சொல்ல எவரும் இல்லை. என் முதல் வினாவுக்கும் இரண்டாம் வினாவுக்கும் ஒரே விடையை இங்கே காண்பதாக நெடுங்காலம் நம்பியிருந்தேன். பாட்டு நாடாவில் வந்தது. பெயர் நாடாவில் தொலைந்தது.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். பெயர் அத்துணை இன்றியமையாததா? வாய்மொழிப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. அது குறையாகவும் கருதப்படவில்லை. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய பறட்டை என்னும் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற இசையில் தலித் விடுதலைப் பாடல்களை இயற்றினார். அவருடைய இசையை ஆராய்ந்த ஸோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட நூலில், நாட்டுப்புறப் பாட்டை மக்கள் தம் தேவைக்கேற்ப மாற்றி மீட்டுருவாக்கும் ஆற்றலையே அப்பாவு அதன் விடுதலைத் தன்மையாகக் கண்டார் என்று விளக்குகிறார். அதாவது, பாட்டு கைமாறும்போது மாறட்டும். மாற்றுபவருக்கும் அது சொந்தமாகட்டும். பெயரைப் பற்றிய என் கவலையை இப்பார்வை அசைத்துப் பார்த்தது.

ஆயினும் முழுதும் ஏற்க இயலவில்லை. இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் பாடிய ‘மனுசங்கடா’ நாடெங்கும் இயக்க மேடைகளில் ஒலித்தது. கீழ்வெண்மணியின் நெருப்பிலிருந்து பிறந்த பாட்டு அது. குணசேகரன் தம் ‘தன்னானே’ குழுவோடு ஊர் ஊராகப் பாட, அப்பாட்டு நாடாக்களிலும் வாய்களிலும் பரவியது. இன்று அதை ஆசிரியரற்ற நாட்டுப்புறப் பாட்டு என்று எண்ணுவோரைக் காண்கிறேன். மக்கள் பாட்டாகிவிட்டதே என்று மகிழலாம். எழுதிய கவிஞரையும் அவர் எதன் பொருட்டு எழுதினார் என்பதையும் மறந்தபின் அப்பாட்டின் சினம் எங்கே போய் நிற்கும்?

இரண்டு நிலைகளையும் இவ்வாறு பிரித்துக்கொள்கிறேன். ஒரு சமூகத்துக்குள் பாட்டு கைமாறும்போது பெயர் கரைந்தாலும் உரிமை கரைவதில்லை. பாடியவர்களும் கேட்பவர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். பாட்டு அச்சமூகத்தை விட்டு வெளியேறிச் சந்தைக்கோ திரைக்கோ பெருமேடைக்கோ செல்லும்போது, பெயர் கரைந்தால் கூலியும் மதிப்பும் சேர்ந்தே கரைகின்றன. தனியிசைக் கலைஞருக்குப் பெயரைத் தவிர வேறு மூலதனம் இல்லை.

இது பழங்கதையும் அன்று. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் வழியே அறியப்பட்டவர் அறிவு. 2021 மார்ச்சில் அவரும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் நினைவை அறிவு அதில் வைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாததும், 2022 சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரில்லாமல் அப்பாட்டு பாடப்பட்டதும் பொதுவெளியில் பெரும் விவாதமாயின. பாட்டை ஆக்கியதில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது குறித்து அதில் தொடர்புடையோர் வெவ்வேறு விளக்கங்களைத் தந்துள்ளனர். அதற்குள் நான் செல்லவில்லை. கோடிக்கணக்கானோர் பகிர்ந்த பாட்டிலும் யார் பெயர் முன்னிற்கும் என்ற வினா தீரவில்லை என்பதையே சுட்டுகிறேன்.

5. பெயரை மீட்ட ரசிகர்கள்

தொலைந்த பெயர்களைத் திரும்பச் சேர்த்தவர்களும் ரசிகர்களே. ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் இந்தியாவின் தொடக்க கால இசைத்தட்டுகளுக்கு எண்வாரியாகப் பட்டியல் தொகுத்தார். தட்டின் நடுப்பகுதியில் பொறித்த பதிவெண்ணைக் கொண்டு, முகப்புத்தாள் இல்லாத தட்டின் காலத்தையும் கலைஞரையும் அறியலாம் என்ற வழியை இத்தகைய பட்டியல்களே திறந்தன. 1990இல் மும்பையில் அமைந்த இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தன் இதழின் வழியே அவ்வறிவைப் பரப்பியது. அச்சங்கத்தைச் சேர்ந்த சுரேஷ் சந்த்வன்கரின் முயற்சியால் யங் இந்தியா, ஓடியன் முத்திரைத் தட்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தில் எண்மமாக்கப்பட்டன.

எங்கள் மாவட்டத்தோடு தொடர்புடைய ஒருவரும் இவ்வரிசையில் உண்டு. பொப்பிலி அரச மரபில் பிறந்து சென்னையில் வாழ்ந்த வி.ஏ.கே. ரங்காராவ் 40,000க்கும் மேற்பட்ட தட்டுகளைச் சேர்த்தவர். சாரங்கபாணி பதங்கள் பிறந்த கார்வேட்டிநகரத்தின் வேணுகோபாலசுவாமி கோயிலில் பக்தியோடு ஆடி வந்தவர். தட்டுகளை அலமாரியில் பூட்டிவைக்காமல், பொதுமேடைகளில் ஒலிக்கச் செய்து, பாடியவர் யார், எழுதியவர் யார் என்று விளக்குவதே அவருடைய முறை. ரேடியோ சிலோன் அறிவிப்பாளர்களின் ஒழுக்கத்தை ஒரு தனிமனிதர் தம் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தார் எனலாம்.

நூல் துறையிலும் இதே கதைதான். கோட்டையூர் ரோஜா முத்தையா ஓவியக்கலைஞர், பேராசிரியர் அல்லர். நூல்களோடு நில்லாமல், பிறர் குப்பையெனக் கருதிய நாடக அறிவிப்புகளையும் துண்டுத்தாள்களையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின், அவருடைய சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தமிழ்ச் சமூக வரலாற்றை ஆராய்வோர் பலரும் இன்று அங்கே செல்கிறோம். ஒரு ரசிகரின் பிடிவாதத்தின் மேல்தான் நம் முனைவர் பட்டங்கள் நிற்கின்றன.

6. குறிப்பேடு

எங்கள் ஊர் மைக்செட்காரர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், அவருடைய மகன் பழைய பொருள்களை எடைக்குப் போடுவதாகக் கேள்விப்பட்டுச் சென்றேன். குழாய் ஒலிபெருக்கிகளும் ஆம்ப்ளிஃபயரும் முன்பே போய்விட்டிருந்தன. நாடாக்களில் பூஞ்சை பிடித்திருந்தது, பெரும்பாலானவை ஓடவில்லை. ஒரு தகரப் பெட்டியின் அடியில் கோடிட்ட பள்ளிக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது.

முழுதும் தெலுங்கு எழுத்து. அவர் படித்தது தெலுங்குப் பள்ளியில். தமிழ் அவருக்குப் பேச்சிலும் பாட்டிலும் மட்டுமே இருந்தது. தெலுங்குக் கணக்குவழக்காக இருக்குமென எண்ணிப் புரட்டினேன். உள்ளே இருந்தவை தமிழ்ப் பாட்டுகள். நாடா எண், பக்கம், பாட்டின் பெயர், பாடியவர் பெயர், கேட்ட நாள். வானொலியில் அறிவிப்பாளர் சொன்னதைக் காதால் வாங்கி, தமக்குத் தெரிந்த எழுத்தில், தமக்குக் கேட்டபடி எழுதிவைத்திருந்தார். தமிழ்ப் பெயர்கள் தெலுங்கு வரிவடிவில் சற்றே உருமாறி நின்றன. எட்டாம் பக்கத்தில் ‘சின்ன மாமியே’ இருந்தது. அதன் எதிரே, ஓரெழுத்து பிழையோடு, நித்தி கனகரத்தினத்தின் பெயரும் கொழும்பு என்ற சொல்லும் இருந்தன.

நாடாவில் பெயர் தொலைந்தது என்று எழுதிவைத்திருந்த என் முடிவு அன்று உடைந்தது. பெயர் தொலையவேயில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இருபது ஆண்டுகளாக அவருடைய பாட்டைக் கேட்ட ஊர் அவரிடம் ஒருமுறையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஊடகத்தின் மேல் நான் சுமத்திய பழியில் ஒரு பங்கு கேட்டவர்களாகிய எங்களுக்கு உரியது.

இசை வரலாற்றை ஆராயும் மாணவ நண்பர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அறியப்படாத ஒரு பாட்டைப் பகிரும்போது, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், கிடைத்தால் ஆண்டும் வெளியீட்டு எண்ணும், அத்தோடு அப்பாட்டு உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறோம். பாடம் கேட்ட வழியைச் சொல்லும் மரபு நமக்கு உண்டு. பாட்டுக் கேட்ட வழியையும் சொல்வோம்.

இரண்டாவது, காப்பகங்கள் தட்டையும் நாடாவையும் தேடுவதோடு நிற்காமல், கேட்டவர்களின் குறிப்பேடுகளையும் துண்டுச்சீட்டுகளையும் நேயர் அஞ்சலட்டைகளையும் தேட வேண்டும். பாஸ்கரதாசின் நாட்குறிப்பு செய்த பணியை அவையும் செய்யும். எல்லைப்புற ஊர்களில் அவை தமிழ் எழுத்தில் இருக்குமென எதிர்பார்க்க வேண்டாம். தெலுங்கு எழுத்தில் தமிழும், கன்னட எழுத்தில் தெலுங்குமாக அவை கிடக்கும். மொழிவாரியாகப் பிரித்த பட்டியலில் சிக்காமல் நழுவிவிடும். 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் குப்பத்திலேயே இருக்கிறது. இவற்றைத் தொகுத்துப் படிக்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

அந்தக் குறிப்பேட்டில் 312 பாட்டுகள் உள்ளன. இதுவரை 190 பாட்டுகளின் பெயர்களைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிச் சரிபார்த்திருக்கிறேன். எஞ்சியவற்றுள் பல எந்தப் பட்டியலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. தெலுங்கு எழுத்தும் பழைய இலங்கை வானொலியும் ஒருசேர அறிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் இப்போதே கேட்டுவையுங்கள். நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.